அம்புத் தண்டு காய்கிறது, துடைத்த துணி எங்கே?

மரப் பாலிஷ் என் தொழில். மர அம்பு எய்கிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். தேக்கு நிறமா, வால்நட் நிறமா? எது பூசினாலும் தண்டு அழகாகத்தான் இருக்கும். என் கவலை எல்லாம் துடைத்த துணியைப் பற்றி.

ஒரு டஜன் தண்டுக்கு ஆயில் ஸ்டெய்னும் (மரத்துக்கு நிறம் ஏற்றும் எண்ணெய்ச் சாயம்) அதன்மேல் லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) தேய்த்தால், கையில் இருக்கும் பனியன் துணி சொதசொதவென்று ஊறியிருக்கும். அதைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தூங்கப் போவோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. லின்சீட் ஆயில் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடும் உண்டாகிறது. தண்டின் மேல் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணிக்குள் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீப்பொறி எதுவும் இல்லாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். பாயில்டு லின்சீட் என்று விற்பதில் சீக்கிரம் காயவைக்கும் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அதனால் இன்னும் மோசம். மரத்துக்குப் பூசும் இன்னொரு விதை எண்ணெயான டங் ஆயிலுக்கும் இந்தக் குணம் உண்டு.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22ஆம் மாடியில் மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன லின்சீட் துணிகளில் பிடித்த தீ அது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. துணியை நன்றாக விரித்து, மடிப்பில்லாமல், வீட்டுக்கு வெளியே தரையில் காயப் போடுங்கள். அட்டை மாதிரி விறைத்த பிறகு குப்பையில் போடலாம். மழைக்காலம் என்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முழுக்க முக்கி வையுங்கள். அரக்குப் பாலிஷுக்கு இப்படித் தானாகப் பற்றும் குணம் கிடையாது. ஆனால் அதிலுள்ள ஸ்பிரிட் அடுப்புக்கு அருகில் போகக் கூடாது.

அப்புறம், நிறம் ஏற்றும் முன் ஒரு சோதனை. அடர்ந்த ஸ்டெய்ன் மயிரிழை விரிசலை அப்படியே மறைத்துவிடும். 320 நம்பர் உப்புத்தாள் போட்டதும், வெறும் மரமாக இருக்கும்போதே, வெளிச்சத்தில் தண்டை உருட்டிப் பாருங்கள். நார் பக்கவாட்டில் ஓடி வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி வைத்து, மெதுவாக வளைத்துச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் அந்தத் தண்டு வேண்டாம். விரிசல் விட்ட அம்பு நாணை விட்டதும் ஒடிந்து, வில்லைப் பிடித்த கையிலேயே ஏறக்கூடும்.

அம்பு முனையும், நாணில் பொருந்தும் பிளவுள்ள ‘நாக்’ என்ற பின்பக்கத் துண்டும் மாட்டும் கூரான இரு நுனிகளிலும் எண்ணெய் படாமல் டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பசை பிடிக்காது.

கழித்த தண்டை மூலையில் சாய்த்து வைக்காதீர்கள், வேறு யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். அங்கேயே இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள்.