மரம் அசைய இடம் விட்ட தச்சர்கள்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்த ஒரு சாதாரண இழுப்பறைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அகலம் ஏறக்குறைய 1 மீட்டர். மேலே பக்கம் பக்கமாக இரண்டு சின்ன இழுப்பறைகள், கீழே முழு அகலத்துக்கும் மூன்று. பொறுப்பாகச் செய்த பெட்டி என்றால் 250 வருடம் கழித்தும் அதன் இழுப்பறைகள் சத்தமில்லாமல் வெளியே வரும். மரத்தின் தரம் இதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம், மரம் வாழ்நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும் என்பதை அந்தத் தச்சர்கள் ஒப்புக்கொண்டு வேலை செய்தது. எங்கே ஒட்ட வேண்டும் என்பதைவிட எங்கே ஒட்டக் கூடாது என்பதில் அவர்கள் காட்டிய அக்கறைதான் என்னை அதிகம் கவர்கிறது.

வெட்டி, அறுத்து, வருடக்கணக்கில் காய வைத்த மரமும் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும், திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 30% இருக்கும் அறையில் மரத்துக்குள் அதன் எடையில் சுமார் 6% தண்ணீர் இருக்கும். ஈரப்பதம் 80% ஆனால் அது 16% வரை ஏறும். இந்தத் தண்ணீர் செல்களின் சுவருக்குள்ளேயே போய் உட்காருகிறது. அந்தச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைத் தள்ளி வைக்கின்றன. ஓர் ஈர்க்குக் கட்டுக்குள் இன்னும் நாலு குச்சியைச் செருகினால் கட்டு பருக்கும், நீளாது. பலகைக்கும் அதேதான் நடக்கிறது. அகலத்தில் உப்பும், நீளத்தில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

அகலத்திலும் இரண்டு திசை உண்டு. மரத்தின் வருட வளையங்களைத் தொட்டபடி போகும் திசையில் அசைவு அதிகம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் அதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் ஒரே கட்டையிலிருந்து எடுத்த இரண்டு பலகைகள், அறுத்த விதத்தைப் பொறுத்து வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். 20 செ.மீ. உயரமுள்ள ஓக் பலகையின் ஈரம் 6% கூடினால், சாதாரணமாக அறுத்த பலகை சுமார் 4 மி.மீ. வளரும். மையத்திலிருந்து ஆரம் போல அறுத்த பலகை சுமார் 2 மி.மீ. மட்டுமே. நல்ல ஆங்கிலப் பெட்டிகளில் இழுப்பறையின் பக்கப் பலகைகள் பெரும்பாலும் இப்படி ஆரத்தின் போக்கில் அறுத்த ஓக்காக இருப்பது இதனால்தான். வெளியே தெரியாத இடத்துக்கு விலை கூடிய அறுப்பு! இழுப்பறை நுழையும் வாயில் இருக்கும் இடைவெளியே 1, 2 மி.மீ. என்னும்போது அந்த வித்தியாசம் முழு வித்தியாசம்.

இழுப்பறையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பலகையைப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கதை அங்கேதான் இருக்கிறது. ஆரம்பகாலப் பெட்டிகளில் அடிப்பலகையின் நார், அதாவது மரத்தின் நீளவாக்கில் ஓடும் இழை, முன்னிருந்து பின்னாக ஓடும். அப்படியானால் அது உப்புவது இடமும் வலமும். 90 செ.மீ. அகலத்துக்குச் சேர்ந்த மொத்த வளர்ச்சியும் இரண்டு பக்கப் பலகைகளையும் வெளியே தள்ளும். காய்ந்தால் நடுவில் பிளவு விடும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வாக்கில் இங்கிலாந்தில் நாரின் திசை இடவலமாக மாறுகிறது. இப்போது அடிப்பலகை வளர்வது முன்பின்னாக. முன்பக்கமும் இரு பக்கங்களிலும் காடிக்குள், அதாவது பலகையில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், பசையில்லாமல் செருகி, பின்பக்கம் மட்டும் ஓரிரண்டு ஆணி அடித்தார்கள். பின்பலகை அதன் மேல் நிற்கிறதே தவிர அதை அடைக்கவில்லை. எனவே உப்பிய அடிப்பலகை பின்னால் சும்மா நீண்டுகொள்ளும். அங்கே காலி இடம்தான், யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரு பலகையை 90 டிகிரி திருப்பியதில் தீர்ந்த பிரச்சினை இது. பெட்டியின் காலத்தை மதிப்பிடும் நிபுணர்களுக்கும் இந்த நாரின் திசை ஒரு நல்ல தடயம்.

எல்லா இடத்திலும் இந்தப் புத்தி வேலை செய்யவில்லை. பெட்டியின் பக்கச் சுவரில் நார் மேலிருந்து கீழாக ஓடும். இழுப்பறை நகரும் தாங்குசட்டமோ முன்னிருந்து பின்னாக, அதாவது நாருக்குக் குறுக்கே. அந்தச் சட்டத்தை முழு நீளத்துக்கும் பசை வைத்து ஆணியும் அடித்துவிட்டால், காய்ந்து சுருங்கப் பார்க்கும் சுவரைச் சுருங்காத சட்டம் பிடித்து நிறுத்தும். சுவர் பிளக்கும். பழைய பெட்டிகளின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட விரிசலைப் பார்த்தால், உள்ளே ஒரு சட்டம் இப்படி இறுக்கி அடிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நல்ல தச்சர் சட்டத்தைக் காடியில் உட்கார வைத்து முன்முனையில் மட்டும் பசை வைப்பார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உப்ப வேண்டிய மரத்தை உப்ப விடாமல் அடைத்தால் உள்ளே செல்கள் நசுங்குகின்றன. மறுபடி காயும்போது பலகை முன்பு இருந்ததைவிடச் சின்னதாகிவிடுகிறது. விரிசல் தெரிவது காய்ந்த காலத்தில். அதற்கான சேதம் நடந்தது ஈரக் காலத்தில். ஐரோப்பிய வீடுகளுக்கு 20ஆம் நூற்றாண்டில் சூடேற்றும் குழாய்கள் வந்து, குளிர்காலத்தில் அறைக் காற்று முன்னெப்போதும் இல்லாத அளவு வறண்டபோது, தலைமுறைகளாகத் தாக்குப்பிடித்த பெட்டிகள் பல பிளந்தன.

சரி, இழுப்பறை பாதியில் சிக்குவது ஏன்? ஒரே கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் இழுப்பறை லேசாகத் திரும்பும். அப்போது ஒரு பக்கத்தின் முன்பகுதியும் மறுபக்கத்தின் பின்மூலையும் சுவரில் அழுந்தும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாக அழுந்தும், உராய்வும் கூடவே ஏறும். கைப்பிடி நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை உராய்வுக் கெழுவால் (இரண்டு பரப்புகள் எவ்வளவு உரசுகின்றன என்று சொல்லும் எண்) பெருக்கி, அதை இரண்டால் பெருக்குங்கள். அந்த எண், இழுப்பறை இன்னும் உள்ளே இருக்கும் நீளத்தைத் தாண்டினால் எத்தனை பலம் போட்டாலும் அது நகராது. கைப்பிடி 35 செ.மீ. தள்ளி, உராய்வு 0.4 என்றால் விடை 28 செ.மீ. 45 செ.மீ. ஆழமுள்ள இழுப்பறை தொடக்கத்தில் நன்றாக வரும். 28 செ.மீ. மட்டும் உள்ளே மிஞ்சும்போது பூட்டிக்கொள்ளும். பாதியில் சிக்கும் மர்மம் இவ்வளவுதான். நீள இழுப்பறைக்கு இரண்டு கையாலும் இழுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்கே. மெழுகு தேய்த்தால் கெழு குறையும், பூட்டிக்கொள்ளும் இடமும் இன்னும் வெளியே தள்ளிப்போகும்.

பிரான்சில் இதே பெட்டி ஆடம்பரத்தின் உச்சத்துக்குப் போனது. 14ஆம் லூயி மன்னரின் ட்ரியானோன் மாளிகைக்காகத் தச்சர் ஆந்த்ரே சார்ல் பூல் 1708, 1709 வாக்கில் இரண்டு இழுப்பறைப் பெட்டிகள் செய்து கொடுத்தார். பித்தளைத் தகடும் ஆமை ஓடும் வெட்டி இழைத்த வேலை அவருடையது. கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் பித்தளை காற்றின் ஈரத்துக்கு அசையாது, கீழே உள்ள மரம் அசையும். நடுவில் மாட்டிக்கொண்ட பசை கடைசியில் விட்டுக்கொடுக்கிறது. இந்த வகைப் பெட்டிகளில் பித்தளைக் கோடுகள் நிமிர்ந்து எழுவது இன்றும் பழம்பொருள் பாதுகாப்பாளர்களுக்கு ஓயாத தலைவலி. அதே பிரெஞ்சுப் பெட்டிகளின் மேலே இருக்கும் சலவைக்கல் பலகை எந்தப் பசையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே மரம் எவ்வளவு வேண்டுமானாலும் நகரலாம். இந்த இரண்டில் கல்லை வைத்த விதமே எனக்கு உயர்ந்த கைவேலையாகத் தெரிகிறது.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளுக்காக 19ஆம் நூற்றாண்டில் செய்த பயணப் பெட்டிகளையும் சொல்ல வேண்டும். மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகப் பிரியும். மூலைகளில் பித்தளைக் காப்பு, கைப்பிடிகள் மரத்துக்குள் புதைந்திருக்கும். பலவும் தேக்கு. பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு வளையத்தின் திசையில் சுருங்குவது 6 சதவீதத்துக்குள். ஓக் அதைவிட வெகுவாக அதிகம். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஊருக்குச் சரியான தேர்வு.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலப் பெட்டிகளை ஒட்டியது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. நம்மூர் ஆசாரிகள் வஜ்ரம் என்று சொன்ன அதே வகை. தோலில் இருக்கும் கொலாஜன் புரதம் வெந்நீரில் ஜெலட்டினாகிறது, ஆறும்போது இறுகுகிறது. சூடும் ஈரமும் கொடுத்தால் மறுபடி இளகும். 200 வருடம் கழித்து ஒருவர் இணைப்பை உடைக்காமல் பிரித்து, சீர் செய்து, அதே பசையால் மீண்டும் சேர்க்க முடிவது இதனால்தான். இன்றைய செயற்கைப் பசையான எப்பாக்ஸியைப் பழைய இணைப்பில் ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த முறை அதைப் பிரிக்க மரத்தையே உடைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டில் பழைய இழுப்பறை ஒன்று மழைக்காலத்தில் இறுகினால் உடனே இழைப்புளியைத் தேடாதீர்கள். உப்பிய நிலையில் சீவிய பலகை, கோடையில் தளதளவென்று ஆடும் அளவுக்குச் சின்னதாகிவிடும். பங்குனி, சித்திரை வரை பொறுங்கள். அப்புறமும் உரசினால் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். மினுமினுப்பாகத் தேய்ந்த தடம் அங்கே தெரியும். வெள்ளை மெழுகுவர்த்தியை அந்தத் தடத்திலும் தாங்குசட்டத்திலும் அழுத்தித் தேயுங்கள். அதற்கும் வராவிட்டால் மட்டும் அந்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால், ஒரு முடி அளவுக்கு.