நீரை விரும்பும் நாரும் நீரை விலக்கும் பிளாஸ்டிக்கும்

மரக்கிளையையும் வைக்கோலையும் அரைத்துக் கார் பாகம் செய்தால், மழையில் அது ஊறி உப்பி உதிர்ந்துவிடாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மிகச் சரியான இடத்தைத் தொடும் கேள்வி இது.

முயற்சி புதியதன்று. எஃகுத் தட்டுப்பாடு நிலவிய கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் தயாரிக்கப்பட்ட டிராபன்ட் காரின் வெளித்தகடுகள், கழிவுப் பருத்தி இழைகளைப் பீனால் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டவை. அண்மையில் ஃபோர்டு நிறுவனம், ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதி ஒலிவத் தோப்புகளில் கவாத்து செய்து கழித்த கிளைகளையும் இலைகளையும் மறுசுழற்சி செய்த பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கோடு 40-க்கு 60 என்ற விகிதத்தில் கலந்து, கால் வைக்கும் பலகை போன்ற பாகங்களைச் சோதனை முறையில் வார்த்தது.

நாருக்கு வலிமை தருவது செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் வரிசையாகக் கோத்த இந்த நீண்ட சங்கிலியில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் அலகுக்கு மூன்று இருப்பதால் நீர் எளிதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. பாலிபுரோப்பிலீனிலோ கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளன. நீர் பற்றிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஆகவே உருகிய பிளாஸ்டிக் நாரைச் சூழ்ந்து ஓடினாலும் அதனோடு ஒட்டாமல், குளிர்ந்ததும் இடையில் மெல்லிய இடைவெளியை விட்டுவிடுகிறது. இப்படிச் செய்த துண்டை உடைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நார்கள் முழுதாக உருவி வந்த வழவழப்பான துளைகள் தெரியும். சுவரில் ஆட்டம் கண்ட ஆணி சுமையைத் தாங்காததைப் போல, பிளாஸ்டிக்கின் மேல் விழும் விசை நாருக்குப் போய்ச் சேர்வதில்லை. வாசகர் அஞ்சிய ஈரமும் இந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே ஏறுகிறது.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பாலிபுரோப்பிலீன் சங்கிலி ஒன்றில் மலெயிக் அன்ஹைட்ரைடு என்னும் சிறு வளையத்தை ஒட்டுப்போட்டு, அதைக் கலவையில் சேர்க்கிறார்கள். சூட்டில் அந்த வளையம் திறந்து, செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியோடு எஸ்டர் எனப்படும் வேதிப்பிணைப்பு கொள்கிறது. வளையத்தைச் சுமந்த சங்கிலியின் வால் பகுதியோ, தன் இனத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக் சங்கிலிகளோடு பின்னிக்கொண்டு அவற்றோடு சேர்ந்தே உறைகிறது. ஒரு கை நாரையும் மறு கை பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்கின்றன. நாரின் மேற்பரப்பில் மட்டுமே அதற்கு வேலை என்பதால், மொத்த எடையில் சில விழுக்காடே போதும். இப்போது துண்டை உடைத்தால் நார் உருவி வராமல், பிளாஸ்டிக் ஒட்டிய நிலையில் தானே அறுந்து நிற்கிறது. நீர் ஏறும் வழியும் பெருமளவு அடைபடுகிறது, முற்றிலும் அடைபடுவதில்லை.

மற்றபடி, நாரை நன்றாக உலர்த்த வேண்டும். இல்லையேல் வார்ப்பில் நீராவிக் குமிழிகள் தங்கும். சூட்டிலும் கவனம் தேவை. பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

இயற்கையிலிருந்து வந்ததாலேயே ஒரு பொருள் தீங்கற்றது என்று நம்புவதை நான் மூடநம்பிக்கையாகவே கருதுகிறேன். மேற்சொன்ன பலகையில் 60 பங்கு பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் அது மட்காது. கண்காட்சிக்கு வைக்கும் மாதிரிப் பாகத்துக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும், ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் ஈரத்திலும் வைத்து அதன் முதுமையை அளக்கும் சோதனைக்கும், பருவத்துக்குப் பருவம் மாறும் நாரின் தரத்தை அளக்கும் பணிக்கும் கிடைக்க வேண்டும்.

உண்மையான ஆதாயங்கள் வேறு. பிளாஸ்டிக்கை வலுப்படுத்த வழக்கமாகச் சேர்க்கும் கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம்; செல்லுலோஸுக்கு 1.5 கிராம்தான் என்பதால் பாகம் இலேசாகிறது. பாகத்தை மீண்டும் உருக்கிக் கலக்கும்போது கண்ணாடி இழை நொறுங்கிக் குட்டையாகிவிடுகிறது. தாவர நார் வளைந்து கொடுப்பதால் அந்த அளவுக்கு நொறுங்குவதில்லை.