ஒரே படத்தில் இரண்டு காலங்கள்

ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சிவப்பு நிறம் சாயம் போனதுபோல் தெரிகிறது. சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடுகிறது. கண் நரம்பில் வந்த அழற்சி இது. வந்து போய்விட்ட தொல்லையா, மல்டிபிள் ஸ்கிலரோசிஸின் முதல் தாக்குதலா?

உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்கும் நோய் அது. மூளை, தண்டுவடம், கண் நரம்பு என்று பல இடங்களில், பல காலங்களில் பாதிப்பு வந்திருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்ல முடியும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. இடத்தைக் காட்டலாம், காலத்தை எப்படிக் காட்டுவது? முன்பெல்லாம் இரண்டாவது தாக்குதல் வரட்டும் என்று காத்திருந்தார்கள். 2001-இல் நரம்பியல் மருத்துவர் இயன் மெக்டொனால்ட் தலைமையிலான குழு வகுத்த விதிகள் அந்தப் பொறுப்பை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் கொடுத்தன.

எம்.ஆர்.ஐ. மயலினை நேரடியாகப் பார்ப்பதில்லை, தண்ணீரைப் பார்க்கிறது. கொழுப்பு மிகுந்த மயலினுக்கு நடுவே நீர் நெருக்குண்டு கிடப்பதால் அதன் சமிக்ஞை சீக்கிரம் அடங்கிவிடும். உறை சிதைந்து வீங்கிய இடத்தில் நீர் தாராளமாகத் திரியும், சமிக்ஞை நீடிக்கும், படத்தில் வெள்ளைப் பொட்டு விழும். ஆனால் மூளையின் நீரறைகளும் வெள்ளையாகத்தான் தெரியும். இந்த நோயின் தழும்புகளோ அவற்றை ஒட்டியே அதிகம் வரும். சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதைதான். அதனால் 'ஃபிளேர்' என்ற முறையில் நீரறையின் சமிக்ஞையை மட்டும் அடக்கிக் கருப்பாக்கிவிடுகிறார்கள்.

இடத்துக்கான விதி எளிது. நீரறையை ஒட்டிய பகுதி, மூளைப் புறணியும் அதன் ஓரமும், மூளைத்தண்டும் சிறுமூளையும், தண்டுவடம் ஆகிய நான்கில் இரண்டிலாவது தழும்பு இருக்க வேண்டும் என்றது 2017 திருத்தம். 2024 திருத்தம் கண் நரம்பை ஐந்தாவதாகச் சேர்த்தது.

காலத்துக்கான உத்திதான் எனக்குப் பிடித்தது. கையின் சிரையில் கடோலினியம் கலந்த மருந்தை ஏற்றுகிறார்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. புதிதாக அழற்சி கொண்ட இடத்தில் மட்டும் தடுப்பு ஒழுகும். மருந்து கசிந்து அந்த இடம் ஒளிரும். அந்த ஒழுக்கு பெரும்பாலும் சில வாரங்களில் அடைபட்டுவிடும். ஆகவே ஒளிரும் தழும்பும் ஒளிராத தழும்பும் ஒன்றாகத் தெரிந்தால், ஒன்று புதிது, மற்றது பழையது. நோயாளி உணராமலே ஒரு தாக்குதல் முன்பே நடந்து முடிந்திருக்கிறது! ஒளிரும் தழும்பு இல்லாவிட்டால், முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் (நோய் எதிர்ப்புப் புரதங்களின் தடயம்) தெரிகின்றனவா என்று பார்ப்பதும் உண்டு.

வெள்ளைப் பொட்டைக் கண்டதும் பதற வேண்டியதில்லை. முதுமை, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி எல்லாம் பொட்டு வைக்கும். தழும்பின் நடுவே சிறு சிரை ஓடுகிறதா என்று பார்ப்பது இவற்றைப் பிரித்தறிய உதவுகிறது. இந்த நோயின் அழற்சி சிரையைச் சுற்றியே தொடங்குகிறது.

லண்டனில் முதல் தாக்குதல் கண்டவர்களைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்க ஸ்கேனில் தழும்பு இருந்தவர்களில் 82 சதவீதத்தினருக்கு நோய் உறுதியானது. தழும்பே இல்லாதவர்களிலும் 21 சதவீதத்தினருக்கு அது வந்தது. அதனால்தான் படம் சுத்தமாக இருந்தாலும், சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒரு ஸ்கேனுக்கு மருத்துவர் வரச்சொல்கிறார்.