மஞ்சப்பையைப் பற்றிச் சொல்வதும் கேட்பதும்

கடலூரில் மனநல ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு, மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருடனும் அவர்களின் குடும்பத்தாருடனும் பேசுவதே அன்றாட வேலை. அண்மைக் காலமாகக் குடியிருப்போர் நலச் சங்கங்களும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழுக்களும் வேறொரு தேவைக்காக என்னை அழைக்கின்றன. குப்பையைப் பிரித்துக் கொடுங்கள், கடைக்குப் பை எடுத்துச் செல்லுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லப் போகிற இளைஞர்கள் சோர்ந்து திரும்புகிறார்கள். மக்களுக்கு எப்படித்தான் புரிய வைப்பது என்று கேட்கிறார்கள்.

புரியாமல் யாரும் இல்லை என்பதே என் முதல் பதில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அதற்கு முன்பே, 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைப் பிரித்தளிப்பதை வீட்டாரின் கடமையாக்கிவிட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலையும் 2015-இல் பெருவெள்ளத்தையும் கண்ட ஊருக்கு, இயற்கை சீறினால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டவும் வேண்டியதில்லை. கவரில் சூடான சாம்பாரை வாங்கிச் செல்பவர், அது நல்லதல்ல என்பதை அறிந்தேதான் வாங்கிச் செல்கிறார்.

அவருக்குள் இரண்டு மனங்கள் இருக்கின்றன. தூக்குவாளி எடுத்து வந்திருக்கலாம் என்பது ஒன்று. வேலை முடிந்து வரும் வழியில் வாளிக்கு எங்கே போவது என்பது இன்னொன்று. நாம் போய் முதல் மனத்தின் வாதங்களை எல்லாம் நாமே பேசி முடித்துவிட்டால், அவருக்குப் பேச மிஞ்சுவது இரண்டாவது மனத்தின் வாதங்கள் மட்டுமே. அவற்றைத் தம் வாயால் சொல்லச் சொல்ல, அவரே அவற்றில் இன்னும் உறுதிப்படுகிறார். தம் சுதந்திரத்தில் பிறர் கைவைப்பதாக உணரும்போது மனிதர்கள் எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்வதை உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-இலேயே விளக்கியிருக்கிறார். குடிநோய்ச் சிகிச்சையில் இதை உணர்ந்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்நிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்ததே ஊக்க உரையாடல் என்னும் முறை. மாற்றத்துக்கான காரணத்தைச் சம்பந்தப்பட்டவரே சொல்லும்படி கேட்பதும், சொன்னதைத் தவறவிடாமல் பிடித்துக்கொள்வதும் இதன் சாரம். சுற்றுச்சூழல் துறையில் இம்முறையைப் பற்றிய ஆய்வுகள் மதுப்பழக்கம் பற்றியவற்றைவிட மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி வகுப்புகளில் நான் நடித்துக் காட்டும் உரையாடல் இது. திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

"அக்கா, மக்குற குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சுப் போடுறதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நல்லதுதாம்மா. ஆனா காலையில பிள்ளைங்களைக் கிளப்புறதா, குப்பையைப் பிரிக்கிறதா?"

இந்த இடத்தில் "ரெண்டு நிமிஷ வேலைதான் அக்கா" என்று சொல்லவே நாக்கு துடிக்கும். சொன்னால், அது ஏன் இரண்டு நிமிட வேலை அல்ல என்பதற்கு அந்த அம்மாள் பத்துக் காரணம் அடுக்குவார். மாறாக, "செய்யணும்னுதான் இருக்கு, காலை நேரம்தான் ஒத்து வரலை" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். பேச்சு அநேகமாக இப்படித் தொடரும்: "ஆமா. மீன் வாங்குற அன்னைக்கு மட்டும் கழிவைத் தனியாக் கட்டி வெச்சிடுவேன். இல்லாட்டி நாய் தெரு முழுக்க இழுத்துப் போட்டுடும்."

பாதி வேலையை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். மக்கும் குப்பை என்ற பெயர் மட்டும்தான் அதற்கு இல்லை. "மீன் அன்னைக்குப் பிரிச்சுத்தானே வெக்கிறீங்க" என்று அதைக் கண்டுகொண்டு சொல்வது வெறும் புகழ்ச்சியும் அல்ல, உண்மை.

அடுத்து ஓர் அளவுகோல் கேள்வி உண்டு. பிரித்துப் போடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். அவர் நான்கு என்கிறார். ஏன் எட்டு இல்லை என்று கேட்டால் தடைகளைப் பட்டியலிடுவார்; ஏன் ஒன்று இல்லை, நான்கு என்கிறீர்கள் என்று கேட்டால், வாய்க்கால் அடைத்து மழைத் தண்ணீர் வாசலுக்கு வந்ததையும், குப்பை வாங்க வரும் பெண் எல்லாவற்றையும் கையால் கிளறுவதையும் அவரே சொல்வார். பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் தலைகீழாகக் கேட்டுவிடுகிறார்கள். வியப்பில்லை, பள்ளியில் மதிப்பெண் அட்டையை நீட்டியபோது நம்மிடம் கேட்கப்பட்டதும் அப்படித்தான்.

கடலூரில் இந்த முறைக்கு வரும் உண்மையான சோதனை வேறு. நகருக்குத் தெற்கே, உப்பனாற்றங்கரையில் ரசாயனத் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்குள்ள கிராமத்தார் காற்றின் வாடை பற்றியும் நிலத்தடி நீர் பற்றியும் பல்லாண்டுகளாக முறையிட்டு வருபவர்கள். "ஆத்தையே கெடுத்தவங்களை விட்டுட்டு, என் கையில இருக்குற கவரைக் கேக்க வந்துட்டீங்களா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டால், தொண்டர்கள் பெரும்பாலும் "அது வேறு, இது வேறு" என்று சமாளிக்கிறார்கள். அது வேறல்ல. அந்தக் கோபம் நியாயமானது. அதைத் தட்டிக்கழித்தவுடன் உரையாடல் முடிந்துவிடுகிறது. "இத்தனை வருஷம் கஷ்டத்தை அனுபவிச்சவங்ககிட்டயே பொறுப்பையும் கேக்குறது உங்களுக்கு அநியாயமாப் படுது" என்று அவர் பொருளை அவருக்கே திருப்பித் தந்துவிட்டு, தன் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார் எனக் கேட்கலாம். பேச்சு கவரிலிருந்து மனுக் கொடுப்பதற்கு நகர்ந்தால் நகரட்டும். நாம் கொண்டுபோன நிகழ்ச்சி நிரலைவிட அது பெரிய சுற்றுச்சூழல் நடத்தை.

மேலும், சட்டத்தால் தடுக்க வேண்டியதை உரையாடலால் தடுக்க நினைப்பது தவறு. கழிவுநீரைத் திறந்துவிடும் ஆலைக்குத் தேவை நடவடிக்கை. அளவுகோல் கேள்வி அல்ல. விடையை முன்பே முடிவுசெய்துகொண்டு ஆளை அதை நோக்கிச் சாமர்த்தியமாக ஓட்டிச் செல்வதும் ஊக்க உரையாடல் ஆகாது. அது விற்பனைத் தந்திரம். "இப்போதைக்கு முடியாது" என்ற பதிலையும் ஏற்றுக்கொண்டு, நன்றி சொல்லி வர முடிகிறவரே இதைச் செய்யத் தக்கவர்.

அந்த அம்மாள் "ராத்திரியே பிரிச்சு வெச்சிடலாம் போல" என்று சொல்லும்போது, உடனே துண்டறிக்கையை நீட்டாமல், எந்தக் கூடையில், எங்கே வைத்து, வீட்டில் யார் உதவியோடு என்று அவரையே விவரிக்கச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை வண்டி வந்து, பிரித்து வைத்ததை எல்லாம் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனால் அந்த ஒரு காட்சியோடு எல்லாம் வீணாகிவிடும். ஆகவே அப்படி நடக்கும் தெருக்களில் தொண்டர்கள் முதலில் பார்க்க வேண்டியவர் அந்த வார்டின் தூய்மைப் பணி மேற்பார்வையாளர். வண்டியில் தனித்தனித் தடுப்புகள் வந்த பிறகு வீடுகளுக்குப் போகலாம்.