பிள்ளைகளுக்கு கோடிங்: தப்பை யார் திருத்துகிறார்கள்?

"ஏனுங்க சார், பையனைக் கோடிங் கிளாஸ்ல சேத்துடட்டுங்களா? மூணாவது படிக்கிறான். லேட் ஆயிடுச்சுங்களா?"

லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தும்போது என்று மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 18 வருடமாக நிரல் எழுதுவது, அதாவது கணினிக்குக் கட்டளைகள் எழுதும் கோடிங், என் வேலை. ஐந்து வருடமாக, சனிக்கிழமை காலைகளில் எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியும் தருகிறேன். அதனால் என்னைக் கேட்கிறார்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதுவும் லேட் ஆகவில்லை. பத்தாம் வகுப்பில் ஆரம்பித்தாலும் லேட் இல்லை. என்னோடு வேலை செய்பவர்களில் கைதேர்ந்தவர்கள் என்று நான் மதிக்கும் பலர் கல்லூரிக்குப் போன பிறகுதான் முதல் நிரலை எழுதினார்கள். இந்தப் பதற்றம் பெரும்பாலும் 2020-இல் வந்தது. ஊரடங்கு, பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில், கையில் போன். அதே வருடம் வெளியான தேசியக் கல்விக் கொள்கையும் நடுநிலை வகுப்புகளில் கோடிங் வேண்டும் என்றது. உடனே விளம்பரங்கள் வரிசை கட்டின. இத்தனை வயதுப் பையன் ஆப் செய்தான், முதலீட்டாளர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்றெல்லாம் காட்டினார்கள். இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலே சிலவற்றை நிறுத்தச் சொன்னது. ஆனால் அந்த விளம்பரங்கள் கிளப்பிய பயம் மட்டும் பெற்றோர் மனதில் இன்னும் இருக்கிறது.

சரி, பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா, வேண்டாமா? தரலாம் என்பதுதான் என் எண்ணம். எதற்காக என்று சொல்ல ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஸ்கிராட்ச் என்ற பிள்ளைகளுக்கான கோடிங் மென்பொருளில், திரையில் ஒரு பூனையை நடக்கவிட்டுக் கோடு போடப் பழகிக்கொண்டிருந்தாள். ஸ்கிராட்சில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுத வேண்டாம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றின்கீழ் ஒன்றாக இழுத்துப் பொருத்த வேண்டும். 100 அடி நட, 90 டிகிரி திரும்பு, இதை நான்கு முறை செய். சதுரம் வந்துவிட்டது. அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 டிகிரி என்று பள்ளியில் படித்திருக்கிறாள். 100 அடி நட, 60 டிகிரி திரும்பு, மூன்று முறை. நிரலை ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்தினாள். பூனை மூன்று கோடு போட்டுவிட்டு, சாய்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வடிவத்தோடு நின்றுவிட்டது. கடைசிக் கோடு முதல் கோட்டுக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

"சார், இது தப்பாப் போடுது."

பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். "இங்க குடு கண்ணு" என்று மவுஸுக்குக் கை நீட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று அவரைத் தடுத்தேன். அவள் 60-ஐ 50 ஆக்கினாள், 65 ஆக்கினாள், 70 ஆக்கினாள். கிண்ணம் கோணியதே தவிர மூடவில்லை. "எழுந்து நீயே பூனை மாதிரி நடந்து பாரேன்" என்றேன். தரையில் டைல்ஸ். நான்கு டைல்ஸ் நேராக நடந்தாள். முனையில் நின்றாள். முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டாள். முக்கோணத்தின் அடுத்த பக்கத்தில் நடக்க வேண்டுமென்றால் அந்தக் கை எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும்? "ரொம்பத் திரும்பணும் சார், கிட்டத்தட்ட வந்த வழிக்கே" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் நான் நினைக்காத ஒன்றைச் செய்தாள். கோணத்தைத் தொடவில்லை, பழையபடி 60-ஐ வைத்துக்கொண்டு, மூன்று முறை என்பதை ஆறு ஆக்கினாள். கிண்ணம் மூடியது. அறுகோணம். நோட்டில் எழுதினாள்: 4 தடவை 90, 360. 6 தடவை 60, 360. அப்புறம் 3 தடவை என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். 120 என்று போட்டாள். முக்கோணம் வந்தது. அவள் கைதட்டவெல்லாம் இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள், பிறகு ஐங்கோணத்துக்கு 72 போடப் போய்விட்டாள். முனையில் பூனை திரும்புவது முக்கோணத்துக்கு வெளியே இருக்கும் கோணம். எந்தக் குவிவுப் பலகோணத்திலும் அந்த வெளிக்கோணங்களைக் கூட்டினால் 360 டிகிரி. பாடத்தில் ஒரு வரியாகப் படிப்பதை அவள் காலால் நடந்து கண்டுபிடித்தாள். மொத்தம் 25 நிமிடம் ஆனது. அதில் என் பங்கு அந்த ஒரே வாக்கியம்.

நான் தரலாம் என்று சொல்வது இதற்காகத்தான். பள்ளியில் ஒரு கணக்கு தப்பினால் சிவப்பு மையில் ஒரு சுழி விழும், வகுப்பு அடுத்த கணக்குக்குப் போய்விடும். இங்கே தப்பு திரையில் அப்படியே நிற்கிறது. திட்டுவதில்லை, பக்கத்துப் பையனோடு ஒப்பிடுவதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப முயன்று பார்க்க விடுகிறது. தன் தப்பைத் தானே தேடிப் பிடிக்கும் அனுபவம் நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைக்கிறது? சைக்கிள் ஓட்டும்போது கிடைக்கிறது, சமையலில் கிடைக்கிறது. படிப்பில் ரொம்பவே குறைவு.

இது புதிய யோசனையும் இல்லை. சீமோர் பாப்பெர்ட் என்ற கணிதவியலாளர் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயோடு வேலை செய்தவர். அவரும் வாலி ஃபோயர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் 1967-இல் அமெரிக்காவில் லோகோ என்ற கணினி மொழியைப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கினார்கள். அதில் கோடு போட்டது ஓர் ஆமை. ஆரம்பத்தில் தரையிலேயே ஊர்ந்துபோகும் இயந்திர ஆமையாகவும் இருந்தது. நீயே ஆமையாக நடந்து பார் என்பதும் பாப்பெர்ட்டின் வழிதான், என்னுடையது இல்லை. 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து மிட்செல் ரெஸ்னிக் குழு வெளியிட்ட ஸ்கிராட்ச், அந்த ஆமையின் வழிவந்த பூனை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லோகோ படித்தால் பிள்ளைகளின் மூளையே கூர்மையாகும் என்று அப்போதும் பேசினார்கள். 1984-இல் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் என்ற ஆய்வாளர்கள் நியூயார்க்கில் அதைச் சோதித்தார்கள். ஒரு வருடம் லோகோ படித்த பிள்ளைகளிடமும் படிக்காதவர்களிடமும் வகுப்பறை வேலைகளைத் திட்டமிடச் சொன்னார்கள். படித்தவர்கள் அதில் மேலாக இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில் நல்ல முடிவுகளும் உண்டு. என் அனுபவத்துக்கு 1984 முடிவு ஆச்சரியம் தரவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்தாலே புத்தி வளராது. எப்படி உட்காரவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எங்கள் குடியிருப்பில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். இணையவழி வகுப்பு ஒன்றில் 30,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருந்தார்கள். சான்றிதழ் ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. அவன் "செய்த" விளையாட்டைக் காட்டினான்: மேலேயிருந்து ஆப்பிள் விழும், கூடையில் பிடிக்க வேண்டும். "ஆப்பிள் மெதுவா விழணும்னா எதை மாத்தணும் தங்கம்?" என்று கேட்டேன். பையன் அம்மாவைப் பார்த்தான். மிஸ் சொல்லச் சொல்ல இழுத்து வைத்தானாம். எங்காவது சிக்கினால் மிஸ்ஸே சரிசெய்துவிடுவாராம். நேரத்துக்குள் முடிக்க வேண்டுமே. அடுத்த ஞாயிறு அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்தேன். வேகத்தைக் குறைக்கும் எண்ணை அவனே கண்டுபிடித்தான். அதன் முன்னால் இருந்த கழித்தல் குறியைத் தெரியாமல் அழித்துவிட்டான், ஆப்பிள்கள் மேலே பறந்தன. விழுந்து விழுந்து சிரித்தான். புத்திசாலிப் பிள்ளை. அவ்வளவு பணம் கொடுத்தும் அவனுக்குத் தப்பு செய்ய ஒரு வாய்ப்பு கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இதன் மறுமுனையை என் அலுவலகத்தில் பார்க்கிறேன். வேலைக்கு நேர்காணல் வரும் இளைஞர்களின் விண்ணப்பத்தில் ஏழெட்டுக் கணினி மொழிகள் இருக்கும். வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டு நிரலைக் கொடுப்பேன். ஓடவிட்டதும் எரர் வரும். பதினான்காவது வரியில், இந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று கணினியே சொல்லியிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. சிவப்பாக ஏதாவது வந்த உடனே பதறி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டச்சு செய்கிறார்கள். எங்கள் வேலையில் பாதி நேரம் எரரைப் படிப்பதில்தான் போகிறது. அதைப் படிக்க அமைதி வேண்டும். அந்த அமைதியை 22 வயதில் உண்டாக்குவது கஷ்டம். பத்து வயதில் விளையாட்டாகவே வந்துவிடும்.

அதனால் வகுப்பில் சேர்ப்பதானால், எத்தனை மொழி, எத்தனை சான்றிதழ் என்று விசாரிக்காதீர்கள். ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைக்குத் தப்பு வரும்போது யார் கை மவுஸில் இருக்கிறது என்று கவனியுங்கள். ஆசிரியர் கை என்றால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். பெரிய செலவும் தேவையில்லை. ஸ்கிராட்ச் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். பைத்தான் என்ற கணினி மொழியும் இலவசம், அதற்குள்ளேயே லோகோவின் ஆமையும் இருக்கிறது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. தேர்வுக்கு அவசரமாகப் புரட்டும் பக்கமாக அது ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

எட்டு வயதுக்குக் கீழே என்றால் கணினியே வேண்டாம் என்பேன். பம்பரத்தையும் சாட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டையை எப்படிச் சுற்றுவது என்று பிள்ளை வாயால் மட்டும் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னதை மட்டும் அப்படியே செய்ய வேண்டும். "சுத்து" என்றால் நீங்களே எழுந்து நின்று சுற்றுங்கள். எங்கே, எந்தப் பக்கமாக, எத்தனை சுற்று என்று பிள்ளை தானாகச் சேர்த்துக்கொண்டே போகும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குகிறார்கள். பைத்தானின் சிறப்புச் சொற்கள் மொத்தமே 35. அவை ஒரு மாதத்தில் பழகிவிடும். மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். மதிப்பெண், விலை, பாக்கி என்று எழுதினால் கணினி ஏற்றுக்கொள்ளும். என்னிடம் வரும் ஒரு பையனின் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். 87 ரூபாய் பாக்கி கொடுக்க எந்தெந்த நோட்டு, எத்தனை என்று சொல்லும் நிரலை அவன் இப்படித்தான் எழுதினான். கல்லாவில் இருபது ரூபாய் நோட்டே இல்லாத நாளில் அது தப்பாகச் சொன்னது. அதைத் திருத்த அவனுக்கு மூன்று வாரம் ஆனது. யாரும் அவனை உட்கார் என்று சொல்லவில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற கணினி மொழியில் கட்டளைகளே தமிழில் இருக்கும். ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைக்கு அதை முதலில் காட்டலாம்.

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும்போது பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும்? செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகளைச் செய்யும் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கே 2024-இல் துபாயில் இனி யாரும் கோடிங் கற்க வேண்டியிராது என்கிற மாதிரி பேசினார். வேலைக்காகப் படிப்பது என்றால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். நானும் தினமும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறேன். நான் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு, பார்க்க அழகாக எழுதிக் கொடுக்கும். எங்கே வழுக்கியது என்று பிடிப்பது என் வேலையாக இருக்கிறது. ஆனால் கற்கும் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால், மவுஸுக்குக் கை நீட்டிய அந்த அப்பாவைப் பக்கத்திலேயே நிரந்தரமாக உட்காரவைத்த மாதிரி. என் வகுப்பில் முதல் இரண்டு வருடத்துக்கு அது கிடையாது.

பிடிக்காத பிள்ளையை விட்டுவிடுங்கள். நாலு சனிக்கிழமை வந்துவிட்டு கபடிக்குப் போய்விட்ட பையன்கள் என்னிடம் உண்டு. அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

முக்கோணம் போட்ட பெண் அடுத்த வாரம் அம்மாவின் கோல நோட்டைக் கொண்டுவந்தாள். ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம். எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் கோலத்துக்கும் கணினிக்கும் உறவு இவளுக்கு முன்பே ஏற்பட்டது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் நம் வீட்டு வாசல் கோலங்களை ஆராய்ந்து, அவற்றைக் கணினிக்கு ஏற்ற வரைவிதிகளாக (இலக்கணமாக) எழுதி 1974-இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதை அவளிடம் சொன்னபோது, "அப்போ வரும்ல சார்" என்று மட்டும் கேட்டாள்.

நேர்க்கோடு தெரியும், வளைவு எப்படி என்பதுதான் சிக்கல். ஒரு அடி நடந்து ஒரு டிகிரி திரும்பிப் பார் என்றேன். 360 முறை செய்ய வைத்தாள், வட்டம் வந்தது. பாதி வட்டம் வேண்டும், 180. கால் வட்டம், 90. புள்ளியைச் சுற்றி ஒரு கண்ணி போட ஒரு மணி நேரம் ஆனது. கூட்டிப்போக வந்த அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணினியைத் தொட்டதே இல்லையாம். குனிந்து, திரையில் விரல் படாமல் காட்டி, "அந்த இழை உள்பக்கமா வரணும் கண்ணு, நீ வெளிய விட்டுட்ட" என்றார்.

அவள் அந்தக் கட்டையைத் தேட ஆரம்பித்தாள். அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.