மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் காதுகள்

காரைக்குடியில் செவித்திறன் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் அளித்துவரும் நான், "பிள்ளை இன்னும் பேசவில்லை" என்று வருபவர்களிடம் முதலில் கேட்பது, பிறந்தவுடன் குழந்தை அழுததா என்பதைத்தான்.

தேவகோட்டைப் பக்கமிருந்து இரண்டே முக்கால் வயதுச் சிறுவனை அவனுடைய தாயும் அப்பத்தாவும் அழைத்து வந்திருந்தார்கள். வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அது நுரையீரலுக்குள் போனதால் மூச்சுத் திணறி, ஒரு வாரத்துக்கு மேல் வெண்டிலேட்டரில் இருந்து மீண்ட குழந்தை அவன். "இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், தாம்பாளத்தத் தட்டுனாத் திரும்பிப் பாக்குறானே, அம்மான்னும் சொல்றானே, காது நல்லாத்தாம்மா கேக்குது" என்றார் அப்பத்தா.

அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை. தாம்பாளத்தின் ஓசை மிகப் பெரியது. முற்றம் வைத்த வீட்டில் அது எதிரொலிக்கவும் செய்யும். 'அம்மா' என்ற சொல்லில் உள்ள மகரம் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது, உதடு மூடித் திறப்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். ஆனால் சகரம், தகரம் போன்றவற்றைப் பிரித்தறிய உதவும் மெல்லிய உயர் அதிர்வெண் ஒலிகள் கேளாத குழந்தைக்கு, 'சாதம்', 'பாதம்', 'காகம்' மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். சோதனையில் அவனுக்கிருந்தது இத்தகைய குறைபாடுதான்.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நுண்மயிர்ச் செல்கள் பிராணவாயு குறைவதைத் தாங்காதவை. ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைக்காதவை. தொற்றுக்காகச் செலுத்தும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும், ரத்தத்தை மாற்றவேண்டிய அளவுக்கு முற்றிய மஞ்சள் காமாலையும் அவற்றையோ செவி நரம்பையோ பாதிக்கலாம். உயிரைக் காக்க அந்த மருந்து தேவைப்பட்டிருக்கும், அதைக் குறை சொல்வதற்கில்லை. இப்படிப் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் கேட்கும் திறன் குறைவதுமில்லை. யாருக்குக் குறைந்திருக்கிறது என்பதைச் சோதனை மட்டுமே சொல்லும்.

அந்தச் சோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓஏஇ என்ற எளிய சோதனை காக்ளியாவின் வெளிவரிசைச் செல்களை மட்டுமே பார்க்கிறது. ஒலி நரம்பின் வழியே மூளைத்தண்டைச் சென்றடைகிறதா என்பதைக் காட்டுவது பெரா சோதனை. முதலாவதில் தேறி இரண்டாவதில் தவறும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வருபவர்களிடையே உண்டென்பதால், அங்கே 5 நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்குப் பெரா அவசியம். நுரையீரல் ரத்த அழுத்தம் உயர்ந்து மீண்ட குழந்தைகளிடம் குறைபாடு பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டக்கூடும். ஆகவே முதல் சோதனையில் தேறியிருந்தாலும் 9 மாதத்துக்குள் மறுபடியும் முழுமையாகச் சோதிக்க வேண்டும்.

செவிட்டுக் குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ஆ', 'ஊ' என்று ஒலியெழுப்பும் என்பதால் வீட்டார் ஏமாந்துவிடுகிறார்கள். பிறகு, மற்றக் குழந்தைகள் 'பபபா', 'ததத்தா' என அடுக்கத் தொடங்கும் வயதில், இது மெல்ல மௌனமாகிறது. அந்த நேரத்தில் நாக்கில் வசம்பு தடவிக் காத்திருக்கும் குடும்பங்களின் அன்பை நான் அறிவேன். ஆனால் தடை நாக்கில் இல்லை. ஒரு மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் காதுகேட்கும் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. கருவி போதாத குழந்தைக்கு, காக்ளியாவுக்குள் மின்முனைகளைப் பொருத்திச் செய்யும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. அதற்கும் வயது வரம்பு இருக்கிறது.

அந்தச் சிறுவனின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டபோது, மறுநாள் பீரோவிலிருந்து எடுத்து வந்தார்கள். கடைசி வரியில், செவித்திறன் சோதனைக்கு வரவேண்டிய தேதி எழுதப்பட்டிருந்தது.