மதுரை ஏன் ‘மடுரை’ ஆகிறது?

சித்திரை வீதியில் வழி கேட்கும் வெளிநாட்டவர் பலரும் நம் ஊரை ‘மடுரை’ என்கிறார்கள். திருத்திச் சொன்னால் கூர்ந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு மறுபடியும் ‘மடுரை’ என்பார்கள். அதில் அலட்சியம் எதுவும் இல்லை. அவர்கள் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

‘த’ சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லின் உட்புறத்தில் படிகிறது. ‘ட’வுக்கு அது மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ஆங்கிலம் பேசுபவரின் நாக்கோ இரண்டுக்கும் நடுவே, பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறு மேட்டில் பொருந்துகிறது. அந்த ஒலி நமக்கு ‘ட’வாகக் கேட்பதால்தான் டிக்கெட், டாக்டர் என்று எழுதுகிறோம். ஜவுளிக்கடையில் ‘பத்து’ எது, ‘பட்டு’ எது என்று அவர்கள் திணறுவதும் இதனால்தான்.

பிறக்கும்போது இந்தத் திணறல் இல்லை. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் அது முடியவில்லை. பேச்சு வருவதற்கு முன்பே, வீட்டில் புழங்கும் மொழிக்கு எந்த வேறுபாடு தேவையோ அதில் செவி ஊன்றிவிடுகிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

நாமும் விலக்கல்ல. திராட்சைக்கொடிக்கும் (vine) திராட்சை மதுவுக்கும் (wine) ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள். ஒன்றில் கீழுதடு மேல்பல்லை உரசும். மற்றதில் உதடுகள் குவியும். நாம் பலரும் இரண்டையும் ‘வைன்’ என்றே சொல்கிறோம், பெரும்பாலும் அப்படியே கேட்கவும் செய்கிறோம்.

ழகரத்தில் மதுரைக்காரர்களுக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பேச்சில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். ளகரத்தில் நாக்கு அண்ணத்தைத் தொடும். ழகரத்தில் நுனி வளைந்து உயர்ந்தாலும் தொடாமல் நின்றுவிடும். நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். அந்த வருடலை அழுத்தமான தொடுதலாக்கிவிட்டோம், அவ்வளவே.

அமெரிக்கர் பலர் ‘கார்’ என்னும்போது இறுதியில் நாக்கு வளைந்து, எதையும் தொடாமல் நிற்கிறது. ழகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி. ‘மடுரை’ என்று சொன்ன அமெரிக்கர் ஒருவரிடம், அந்த ஒலியை நடுவில் வைத்துப் ‘பழம்’ சொல்லச் சொன்னேன். முதல் முயற்சியிலேயே தெளிவாக வந்தது. நானும் நாக்கை மேலே ஒட்டவிடாமல் நிறுத்தி, அவரோடு சேர்ந்து சொன்னேன்.